மாற்றி வாசித்த சீட்டு

அத்தியாயம் 17

பேராசிரியையைச் சமையலறை மேஜையில், மகன் நீட்டிய படிவத்துக்கு முன்னால், மூடிய பேனாவோடு உட்கார வைத்துவிட்டுப் போன வாரம் நாம் எழுந்து வந்துவிட்டோம். பாவம், அங்கேயேதான் இருக்கிறாள். கையெழுத்து இன்னும் விழவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பேராசிரியை பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்துகிறவள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் பக்கவாதத்தில் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து, போன வருடம் போய்ச் சேர்ந்தார். மூத்த மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். வீட்டில் அவள் பெயர் பெரியவள். அடுத்தது சின்னவன். அம்மாவின் பல்கலைக்கழகத்திலேயே மூன்றாம் வருடம் படிக்கிறான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று படிப்பை விடுகிறேன் என்று படிவத்தை நீட்டினான். எட்டு மணி நேரத் தூரத்தில், துறைமுகத்தில், குளிர்பதனக் கிடங்கில் வேலையாம்.

படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். "காரணம் சொல்லு, கையெழுத்துப் போடறேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தை சொன்னதுதான். அவன் காரணம் சொல்லவில்லை, இவள் கையெழுத்துப் போடவில்லை, ஆறு நாள் ஓடிவிட்டது.

இன்று புதன்கிழமை. மாலை ஐந்து மணிக்கு அலுவலக ஜன்னல் மூடும். ஐந்தே முக்காலுக்கு அவனுக்கு பஸ்.

சின்னவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த பை கதவோரம் நின்றது. பேராசிரியை எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணா, இந்த நிமிஷம் உன் மனசுல என்ன இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தையில சொல்ல முடியுமா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "அம்மா, என்கிட்ட புதன்கிழமைக் குரல்ல பேசாத."

"அது என்னடா புதன்கிழமைக் குரல்?"

"பஞ்சு சுத்தின குரல். உனக்கே தெரியும்."

தெரியும். புதன் அறை அவள் பெற்ற மூன்றாவது பிள்ளை. இந்தப் பல்கலைக்கழகத்தில் மதத்தின் நிழல்கூட விழக்கூடாது என்று சட்டம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விடுதி அறைக்குள் ஒரு மாணவி மூன்று நாள் கதவைத் திறக்காமல் கிடந்தபோது, அவளிடம் என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், துறைத்தலைவர் வருகைப்பதிவைப் பற்றிப் பேசினார். எதற்காக வாழ்வது, செய்த தப்பை எங்கே இறக்கி வைப்பது என்று பிள்ளைகள் கேட்க ஓர் இடம் வேண்டாமா என்று அன்றைக்குத்தான் பேராசிரியை களத்தில் இறங்கினாள்.

நான்கு வருடம் போராடினாள். கண்ணை மூடி உட்காருவது வழிபாட்டில் சேருமா என்று கேட்டு மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில், கண்ணைப் பாதி மூடலாம் என்று அனுமதி வந்தது. சிரிக்காதீர்கள், அந்தக் கடிதத்தை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அறை கிடைத்தது நூலகத்தின் இரண்டாம் மாடியில், பழைய வரைபடங்கள் வைத்திருந்த இடம். நடைமுறை இதுதான். மனதில் இருப்பதைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். கையெழுத்து அடையாளம் தெரியக்கூடாது என்று நூலகரே தட்டச்சு செய்வார். பெயர், ஊர், நேரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். புதன்கிழமை நான்கு மணிக்குப் பேராசிரியை மூன்று சீட்டு வாசிப்பாள். யாரும் புத்தி சொல்லக்கூடாது. இரண்டு நிமிடம் எல்லாரும் சும்மா இருப்பார்கள், அவ்வளவுதான். முகம் காட்ட விரும்பாதவர்களுக்கு வரைபட அலமாரிக்குப் பின்னால் ஆறு நாற்காலி, தனியாக ஒரு பின்கதவு. அங்கே யார் உட்கார்ந்தார்கள் என்று எட்டிப் பார்ப்பது கிடையாது.

இதில் ஒரு வேலை மட்டும் வெளியே தெரியாது. நடத்துகிறவர் வாயிலிருந்து மதச்சொல் வரக்கூடாது என்று நிபந்தனை. அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேராசிரியை சீட்டுகளைப் பென்சிலோடு எடுத்து உட்காருவாள். அறுபத்து நான்கு சொற்களுக்கு மாற்றுப் பட்டியலே வைத்திருக்கிறாள். கடவுள் என்றால் 'நம்மைவிடப் பெரிய ஒன்று.' பிரார்த்தனை என்றால் 'ஆழமான விருப்பம்.' பாவம் என்றால் 'வருத்தம் தரும் செயல்.' கேள்வியாக முடிகிற சீட்டை நம்பிக்கையாக முடித்து வைப்பாள். பிள்ளைகள் கலங்கிப்போய் விடுதிக்குத் திரும்பக்கூடாதே என்கிற நல்லெண்ணம்தான்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்குக் குழுக் கூட்டம்டா," என்றாள் மகனிடம். "அதனால அறை கூட இன்னிக்கு லீவு. மூணரைக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் உக்காந்து பேசலாம்."

"பேச ஒண்ணும் இல்லம்மா. கையெழுத்து போதும்."

"காரணம்?"

"படிக்கப் பிடிக்கல."

"அது காரணம் இல்ல."

"அப்ப நீயே ஒரு காரணம் எழுதிக்கோ. நீதான் நல்லா எழுதுவியே," என்றான். தட்டைக் கழுவி வைத்தான், பையைத் தோளில் மாட்டினான், கிளம்பிவிட்டான். அவன் வாயிலிருந்து இப்படிக் குத்தலாக ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. வெண்ணெய் தடவிய ரொட்டி அப்படியே இருந்தது.

* * *

கடையில் பெரியவளுக்கு அன்று கூட்டமில்லை. தம்பி வந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். ஒரு பக்கக் காம்பு ஆடிக்கொண்டிருந்தது.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணிக் குடுக்கா."

"பண்றேன். உள்ள வா, கண்ணையும் பாத்துடறேன். அங்க போய் யாரு பாப்பா உனக்கு?"

பரிசோதனை அறையில் விளக்கை அணைத்தாள். எழுத்துப் பலகை மட்டும் எரிந்தது. சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு மாற்றினாள்.

"இது தெளிவா இருக்கா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இப்ப?"

"தெரியலக்கா."

"என்னடா தெரியல, பானை மாதிரி எழுத்து போட்டிருக்கேன்." குனிந்து பார்த்தாள். கண் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எந்த வில்லை போட்டாலும் தெரியப்போவதில்லை. அவள் சட்டத்தைக் கழற்றினாள். விளக்கைப் போடவில்லை. போட்டிருந்தால் அவன் பேசியிருக்க மாட்டான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"அப்பா போன அன்னிக்கு," என்று ஆரம்பித்தான். "நீ மருந்து வாங்கப் போயிருந்த. அம்மா கீழ இருந்தாங்க. ஆஸ்பத்திரி ரூம்ல நான் மட்டும்தான் பக்கத்துல. முதுகுப் புண்ணுக்குப் பஞ்சு மாத்தும்போது அப்பா என்னைப் பாத்தாரு. போதும்டான்னு பாத்தாரு."

"ம்."

"வெளிய வந்துட்டேன். எனக்கு வேண்டிக்கவே தெரியாதுக்கா. எங்க பாத்து வேண்டிக்கணும்னு கூடத் தெரியல. எதிர்ல லிஃப்ட் கதவு இருந்துச்சு. அதைப் பாத்து வேண்டிக்கிட்டேன். கடவுளே, இவரைக் கூட்டிட்டுப் போயிடுன்னு. சாயங்காலம் நாலரைக்குப் போயிட்டாரு."

பெரியவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "லூசு. நீ வேண்டினதால சாகலடா. சிறுநீரகம் ரெண்டும் போச்சு. இன்னிக்குத் தாண்டாதுன்னு டாக்டர் காலையிலேயே என்கிட்ட சொல்லிட்டாரு."

"தெரியும். நானும் அந்த ரிப்போர்ட்டைப் படிச்சவன்தான். தெரிஞ்சு என்ன பண்றது? கேட்டது நான்தானே."

"அம்மாகிட்ட சொல்லேன்டா."

"சொன்னேன்க்கா."

"எப்போ?"

"அப்பா போய் ரெண்டு மாசம் கழிச்சு. நேர்ல வாய் வரல. சீட்டுல எழுதிப் பெட்டியில போட்டேன். போட்டுட்டு அலமாரிக்குப் பின்னால போய் உக்காந்தேன். அம்மா வாசிச்சாங்க. ஆனா நான் எழுதினதை வாசிக்கல."

அவன் எழுதியது என்ன, அவள் வாசித்தது என்ன என்று தம்பி ஒன்றுவிடாமல் சொன்னான். நானும் உங்களுக்கு இப்போதே சொல்லலாம்தான். ஆனால் அதைப் பேராசிரியையே இன்னும் ஒரு மணி நேரத்தில் தன் வாயால் ஊரறியச் சொல்லப்போகிறாள்.

"அந்தக் கடைசி வரியை முதல் வருஷப் பசங்க சுவத்துல எல்லாம் ஒட்டி வெச்சிருக்காங்க," என்றான் சின்னவன். "ஹாஸ்டல் வாசல்ல, கேன்டீன்ல. என் கிளாஸ் கூட்டாளி அதை எனக்கே ஆறுதலா சொல்றான். நான் அப்படி சொல்லவே இல்லக்கா. தினம் நாலு தடவை அதைத் தாண்டிப் போறேன். என்னால அங்க இருக்க முடியல."

"இதை அம்மாகிட்ட சொன்னா அவங்க உடைஞ்சிடுவாங்கடா."

"அதான் சொல்லல. நீயும் சொல்லாத."

"சொல்லல," என்றாள் பெரியவள். உடனே கடையின் பின்பக்கம் போய் அம்மாவுக்கு போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மணி இரண்டு பத்து.

"வண்டில ஏறு," என்றாள் திரும்பி வந்து. "கையெழுத்து வேணும்ல உனக்கு?"

* * *

குழு அறையில் நீள மேஜை, பதினோரு கல்லூரி முதல்வர்கள், தண்ணீர் பாட்டில்கள். தலைவர் ரசாயனப் பேராசிரியர். எதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார் என்று பெயர். அவருக்குப் பக்கத்தில் சட்டத்துறைத் தலைவி. கண்ணை மூடுவது பற்றி முதல் கடிதம் போட்ட புண்ணியவதி இவள்தான்.

புதன் அறையைப் பதினோரு கல்லூரிக்கும் பாடமாகக் கொண்டுபோகலாமா என்பதுதான் இன்றைய கேள்வி. பேராசிரியை வரைபடம் போட்டாள், எண்கள் சொன்னாள். தலைவர் மூக்கை உறிஞ்சினார்.

"எண்ணெல்லாம் சரிதான். மதம் உள்ள நுழையாதுன்னு எப்படி உறுதி சொல்றீங்க? ஒரு உதாரணம் காட்டுங்க."

இதற்காகத்தான் காத்திருந்தாள். நூலகரிடம் கோப்பு இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கி எறிய மனம் வராதவர் அவர். "நாற்பத்தொண்ணை எடுங்க," என்றாள். நூலகர் திரையில் போட்டார். பேராசிரியை எழுந்து நின்று வாசித்தாள்.

"இது மாணவர் எழுதினது. 'அவர் செத்துடணும்னு கடவுள்கிட்ட வேண்டிக்கிட்டேன். அன்னிக்கே செத்துட்டார். இப்ப நான் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? அவர் இல்ல. கடவுள் பதில் சொல்ல மாட்டார். வீட்ல இருக்கறவங்ககிட்ட கேட்டா மன்னிப்பாங்களா?'"

நூலகர் அடுத்த பக்கத்தைத் திரையில் போட்டார்.

"நான் வாசிச்சது இது. 'ஒருவருடைய வேதனை முடிய வேண்டும் என்று ஆழமாக விரும்பினேன். முடிந்தது. என்னை நானே ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.'"

"அட," என்றார் தலைவர். "அந்தச் சுவரொட்டி வரி இதிலிருந்து வந்ததுதானா? என் பேத்திகூடச் சொல்லிட்டுத் திரியறா. ரொம்ப நாசூக்கா மாத்தியிருக்கீங்க."

சட்டத்துறைத் தலைவி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கேள்விக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"கேள்வியே எழாம பாத்துக்கிட்டேன்," என்றாள் பேராசிரியை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

பத்து மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, இந்தச் சீட்டைப் படித்துவிட்டு அவள் அழுதிருக்கிறாள். யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்து நினைத்து அழுதாள். இது வயிறெரிந்து நான் சொல்கிற விஷயம். அடுத்த அறையில் சின்னவன் படுத்திருந்தான்.

கை தட்டினார்கள். பதினோரு கல்லூரிக்கும் அனுமதி. மாற்றுச்சொல் பட்டியலை அச்சடித்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம். நான்கு வருடப் பாடு மூன்று இருபதுக்கு முடிந்தது. பேராசிரியைக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெளியே நடையில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். கடைச் சீருடைகூட மாற்றவில்லை.

"பாஸ் ஆயிடுச்சுடி," என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். "பதினொண்ணும். அப்பா இருந்திருந்தா..."

"அம்மா, அந்தச் சுவரொட்டி வரி எந்தச் சீட்டுலேருந்து எடுத்த?"

"இப்பதான் உள்ள வாசிச்சேன். ஏன்?"

"அது நம்ம சின்னவன் எழுதினது."

பேராசிரியை முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் கோப்போடு வந்த நூலகர் இதைக் கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். சீட்டில் இருந்த கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

"எங்க அவன்?"

"உன் புதன் அறையிலதான் உக்கார வெச்சிருக்கேன். சொல்லாதன்னான். சொல்லிட்டேன்," என்றாள் பெரியவள்.

* * *

புதன் அறையில் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. அலமாரிக்குப் பின்னாலிருந்து செருப்பு தரையில் தேய்கிற சத்தம் வந்தது. பேராசிரியை இந்தப் பக்கமே நின்றாள். நடுவில் ஆள் உயரத்துக்கு வரைபடச் சுருள்கள்.

"அந்தச் சீட்டு உன்னோடதா?"

"ஆமா."

மன்னிச்சுக்கோடா என்று சொல்லியிருக்கலாம். அம்மா இருக்கேன்டா என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அவளுக்கு இந்நேரம் நூறு வார்த்தை வந்திருக்கும்.

"எத்தனை மணிக்கு வேண்டிக்கிட்ட?" என்றாள்.

"என்ன?"

"அப்பா போன அன்னிக்கு. எத்தனை மணிக்கு?"

"ரெண்டரை இருக்கும். ஏம்மா?"

அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டரைக்கு நான் கீழ பாத்ரூம்ல இருந்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சுவத்துல நெத்தியை முட்டிக்கிட்டு நின்னேன். நானும் வேண்டிக்கிட்டேன்."

"நீயா?"

"நான்தான். இன்னும் ஒரு மாசம் குடு, ஒரு மாசம் முடியாதுன்னா ஒரு வாரம் குடு, பேச வேண்டாம், எழுந்திருக்க வேண்டாம், சும்மா படுத்துக் கிடக்கட்டும், நான் பாத்துக்கறேன்னு. தினமும் கேட்டேன்டா. ரெண்டு வருஷமா தினமும். ஊருக்கெல்லாம் அந்தப் பேரை அழிச்சு எழுதினேன். நான் மட்டும் கேட்டுட்டே இருந்தேன்."



"உன் வேண்டுதலைத்தான் கேட்டிருக்கு," என்றாள் பேராசிரியை.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. பஞ்சு சுற்றாமல், பென்சில் படாமல், இருந்தது இருந்தபடி விழுந்துவிட்டது. ஒரு வருடமாக அடிவயிற்றில் கிடந்த கோபம் கடவுள் மேல் என்று நினைத்திருந்தாள். இப்போது அதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் அது பாய்ந்துவிட்டது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து அவன் பேசினான். குரலில் கோபமே இல்லை.

"இதைத்தாம்மா கேக்கணும்னு எழுதினேன். மன்னிப்பாங்களான்னு கேட்டேன். இப்பதான் பதில் வந்திருக்கு."

"கண்ணா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"மாத்தாதம்மா. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

வரைபடச் சுருள்களுக்கு நடுவே படிவம் இந்தப் பக்கம் நீண்டது. விரல் நுனி மட்டும் தெரிந்தது. காரணம் சொன்னால் கையெழுத்து என்பது பேச்சு. காரணம் தெரிந்துவிட்டது. அவள் படிவத்தை அலமாரி மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது.

"ஆபீஸ்ல நீயே குடுத்துடும்மா. எனக்கு நேரமாச்சு."

பின்கதவு திறந்து மூடியது. சுற்றிக்கொண்டு ஓடியிருந்தால் பத்தே அடி. ஓடினால் பிடித்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை என்பதுதான் உண்மை.

* * *

அலுவலக ஜன்னலில் மணி நான்கு ஐம்பது. எழுத்தர் படிவத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"காரணம் எழுதல மேடம்."

பேராசிரியை பேனாவைத் திறந்தாள். எழுதினாள். அவர் வாங்கிப் படித்தார், இன்னொரு முறை படித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

அவள் எழுதியிருந்தது இது: 'என்னிடம் ஒன்று கேட்டான். நான் அதை மாற்றி வாசித்தேன்.'

"இப்படி எழுத முடியாது மேடம். கம்ப்யூட்டர்ல நாலே கட்டம்தான் இருக்கு. உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை, வேலை, இதர. உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம், குடும்பச் சூழ்நிலைன்னு நான் மாத்திப் போட்டுக்கறேன்."

"மாத்தாதீங்க."

"நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குப் பையன் வேற எங்கயாவது சேரணும்னா, இதைப் பாத்து யாராவது தப்பா நினைப்பாங்க."

"நல்லதுக்குத்தான். தெரியும். நான் எழுதினது அப்படியே இருக்கட்டும்."

"அப்ப இது ஏறாது மேடம்."

"ஏறலன்னா அவன் பேர் என்ன ஆகும்?"

"இங்க மாணவனாவேதான் இருப்பார். இந்தப் படிவம் செல்லாது."

அவள் கையை நீட்டினாள். எழுத்தர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய மேடத்துக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்திருப்பார்.

ஐந்தரை தாண்டும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பையில் வெகுநேரமாக அணைந்து கிடந்த போனைத் திறந்ததும் அது துடித்தது. பெரியவள்தான். பின்னால் பஸ் நிலைய இரைச்சல்.

"அம்மா, எத்தனை தடவை போடறது? பஸ்ல ஏறிட்டான். ஜன்னல் வழியா போனைக் குடுக்கறேன். அவன் உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

கை மாறுகிற சத்தம். பிறகு சின்னவன்.

"அம்மா. என்னோடதைத்தான் கேட்டுச்சுன்னு சொன்னியே. நெஜமாவே அப்படி நம்பறியா? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு."

எத்தனையோ சீட்டுகளில் அந்தக் கேள்வியை அழித்தவளிடம் அது போன் வழியாக வந்து நின்றது. இல்லை என்று சொன்னால் அவன் மேல் குற்றமில்லை; ஆனால் அவனை மன்னிக்கவும் மேலே யாருமில்லை. ஆமாம் என்று சொன்னால் மன்னிக்க ஒருவர் இருக்கிறார். ஆனால் அப்பாவின் சாவைக் கேட்டு வாங்கியவனும் அவனேதான் என்றாகிவிடும். எது சொன்னாலும் பிள்ளை தூங்க மாட்டான். அவனைத் தூங்க வைக்கிற மாதிரி மூன்றாவதாக ஒரு வாக்கியம் அவளுக்கு உடனே தயாராக வந்தது. அது புதன்கிழமைக் குரலில் வந்தது. அதை விழுங்கினாள்.

"தெரியலடா," என்றாள். "எனக்கு நெஜமாவே தெரியல."

மறுமுனையில் ஏதோ கரகரத்தது. அவள் கண்ணை முழுதாக மூடிக்கொண்டாள். இனிமேல்தான் சொல்ல வேண்டியது இருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"நீ சீட்டுல கேட்டது எனக்குத்தானே. மன்னிப்பாங்களான்னு. இன்னிக்கு முடியலடா. பொய் சொல்ல மாட்டேன், இன்னிக்கு என்னால முடியல. ஆனா கேக்கறதை நிறுத்திடாத. நாளைக்குக் கேளு. நாளன்னிக்கும் கேளு. நான் உன் அம்மாடா. ஒரு நாள் கண்டிப்பா சொல்லிடுவேன். உன் பேர் இங்கதான் இருக்கு, நான் எடுக்க விடல. கேக்கறியா?"

பதில் இல்லை.

"கண்ணா?"

"அம்மா, நான்தான்," என்றாள் பெரியவள். அழுதுகொண்டிருந்தாள். "பஸ் கிளம்பிடுச்சும்மா. நீ தெரியலன்னு சொன்னியே, அப்பவே போனை என் கையில குடுத்துட்டான். அவன் போனையும் அணைச்சுட்டான். அதுக்கப்புறம் நீ சொன்னது எல்லாம் நான்தாம்மா கேட்டேன்."